தம்பியை எங்கே அனுப்புவது என்று கேட்ட அக்காவுக்கு

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். அப்பா லுங்கித் தறியில் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரு குவார்ட்டர் உண்டு. தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். போன வருடம் அவன் பையில் கூல் லிப் பாக்கெட் கிடைத்தது. இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். இப்போது அம்மா எண்ணி வைக்கும் கட்டில் நாலைந்து பீடி குறைந்துகொண்டே வந்தது. கணக்கு இடிக்கிறதே என்று பார்த்தபோதுதான், பீடியில் இருக்கும் தூளைத் தட்டிவிட்டுக் கஞ்சா அடைத்துக் குடிக்கிறான் என்று தெரிந்தது. அப்பா பெல்ட்டால் அடித்தார். இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. சித்தப்பா ஒரு மறுவாழ்வு மையத்தின் நம்பர் வைத்திருக்கிறார்: போன் போட்டால் வண்டியோடு நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், ஆறு மாதம் உள்ளே வைத்திருப்பார்கள், அதுவரை யாரும் பார்க்க முடியாது. "அனுப்பலாமா? இல்லையென்றால் எங்கே போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, அந்த வண்டியைக் கூப்பிடாதீர்கள். இன்றைக்குச் சித்தப்பாவிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம். முப்பது வருடமாக வேலூர் வட்டாரத்தில் மனநலத் துறையில் சமூகப் பணியாளனாக இருந்தவன் நான். நீங்கள் கேட்கும் இந்தக் கேள்வியை ஆம்பூரிலிருந்து, மேல்விஷாரத்திலிருந்து, அணைக்கட்டிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் என் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கின்றன.

முதலில் அந்த மையம். நம் நாட்டில் 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் மையங்களும் அதற்குக் கட்டுப்பட்டவைதான்; மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளையை உள்ளே சேர்க்க வேண்டுமானால் ஒரு மனநல மருத்துவரும், அவரோடு இன்னொரு மனநல மருத்துவரோ, மனநலப் பணியாளரோ, பொது மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. தாயோ தகப்பனோ, அவர்கள் வைக்கும் ஓர் ஆளோ, பிள்ளை உள்ளே இருக்கும் நாள் முழுக்கக் கூடவே தங்க வேண்டும். சங்கிலி போடுவது எந்த வயதுக்காரருக்கும் குற்றம். இப்போது சித்தப்பா சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாக்டர் பார்க்காமல் நாலு பேர் வந்து தூக்குவது, ஆறு மாதம் முகத்தைப் பார்க்க விடாதது, இரண்டுமே சட்டத்துக்கு நேர் எதிர்.

சட்டத்தை விடுங்கள், பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன். அப்படித் தூக்கிக்கொண்டு போகப்பட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. நாலு மாதம் கழித்து வந்தான். உடம்பு தேறியிருந்தது, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கேட்டதற்கெல்லாம் "சரிங்க சார், சரிங்க சார்" என்றான். அவன் அம்மா சந்தோஷத்தில் எனக்கு லட்டு கொடுத்தார். நான் அவனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினேன்; என் கை கொஞ்சம் வேகமாக உயர்ந்துவிட்டது போல, அவன் சட்டென்று முழங்கையை மடக்கித் தலையை மறைத்துக்கொண்டான். பத்தாம் நாள் பழைய கூட்டாளிகளிடம் போய்விட்டான். வீட்டில் யாரிடமும் அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. தன்னைப் பிடித்துக் கொடுத்தவர்கள் என்ற எண்ணம் உள்ளே இறுகிவிட்டது. அவனிடம் பேச்சு வாங்க எனக்கு ஒரு வருடம் ஆனது. போதைப் பழக்கத்தில் ஒரு வருடம் மிக நீண்ட காலம்.

நம் வேலூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கியது. மனநோய் என்றாலே ஆளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதுதான் எங்கும் வழக்கமாக இருந்த காலம் அது. இங்கே நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்க வேண்டும் என்று வைத்தார்கள். கூட இருப்பவர் நோயைப் புரிந்துகொள்கிறார், மருந்தைப் புரிந்துகொள்கிறார், வீடு திரும்பும்போது இருவரும் சேர்ந்து திரும்புகிறார்கள். அறுபது ஆண்டுக்கு முன்பே நம் ஊரில் செய்து காட்டிய முறை இது. உங்கள் தம்பிக்கும் நான் சொல்வது இதே முறைதான். அவனை எங்கேயும் அனுப்ப வேண்டாம். அவனோடு நீங்கள் போங்கள்.

சரி, அவன் எடுக்கும் பொருள்களுக்கு வருவோம். இரண்டும் ஒன்றல்ல, பயப்பட வேண்டிய அளவும் ஒன்றல்ல.

கூல் லிப் என்பது சின்ன வடிகட்டிப் பையில் போட்ட புகையிலை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வார்கள். ஹான்ஸ் மாதிரி உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க வேண்டாம், துப்ப வேண்டாம், வாடையும் அதிகம் வராது, புதினா மாதிரி குளிர்ச்சி. வகுப்பில் வாத்தியார் எதிரில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் வரை இறங்கிவிட்டது. 2013 முதல் குட்கா வகையறாக்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு தடை ஆணை இருக்கிறது. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் இப்படிப் பரவியிருக்கிறதே என்று கவலையோடு கேள்வி எழுப்பியது. ஆனால் நம்முடையது எல்லை மாவட்டம். கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரா, பரதராமி தாண்டினால் ஆந்திரா, பேரணாம்பட்டிலிருந்து மலை ஏறினாலும் ஆந்திரா. பைக்கில் ஒரு மூட்டை கொண்டுவருவது பெரிய வேலையில்லை.

அதில் இருப்பது நிக்கோடின். பிடித்துக்கொள்ளும் வேகத்தில் எதற்கும் குறைந்ததில்லை. தம்பி சத்தியம் செய்துவிட்டு மீறினான் என்று வருந்தியிருக்கிறீர்கள். செய்யும்போது அவன் பொய் சொல்லவில்லை. அன்று நிஜமாகவே நினைத்திருப்பான். மறுநாள் காலை தலை பாரமாகி, எரிச்சல் வந்து, புத்தகத்தில் ஒரு வரியும் ஏறாமல் போனபோது கை தானாகப் பையைத் தேடியிருக்கும். சத்தியம் வாங்குவதை இனி நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு சத்தியமும் முறியும்போது, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று அவன் நம்ப ஆரம்பிப்பான்.

ஒன்று செய்து பாருங்கள். அவனுடைய மூன்று விரல்களை, ஆள்காட்டி விரலிலிருந்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி அவன் வாய்க்குள் நுழைகிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக நுழையும். இரண்டுதான் போகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்திருக்கிறது என்றால் பல் டாக்டரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. தன் விரலால் தானே அளந்து பார்ப்பது ஒரு பையன் மனதில் பதிவதுபோல நூறு பேச்சு பதியாது. புகையிலைக்குப் பதிலாக வாயில் ஏதாவது வேண்டுமென்றால் சோம்பு, கிராம்பு, ஏலக்காய் கொடுங்கள். பாக்கு மட்டும் கூடாது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான்.

அப்புறம் கஞ்சா. "அது செடிதானே, சாமியார்கள் குடிப்பதுதானே" என்று அவன் சொல்வான், எல்லாப் பையன்களும் சொல்வார்கள். வாதாடாதீர்கள். அவனுக்குத் தெரிய வேண்டியது வயதுக் கணக்கு. முடிவெடுக்கும், அவசரத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயது வரை ஆகிறது. கஞ்சா குடிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதை விடமுடியாத நிலைக்குப் போகிறார் என்றால், பதின்வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். தினமும் குடிக்கும் சிலருக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் தொடங்கிவிடும். தம்பி தனியாகப் பேசுகிறானா, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்கிறானா, இரவு முழுக்கத் தூங்காமல் உலாத்துகிறானா? இதில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலையே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். கஞ்சாவை நிறுத்துவதால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது. முதல் வாரம் முழுக்க எரிந்து விழுவான், தூக்கம் வராது, தட்டை ஒதுக்குவான், இரவில் வியர்க்கும், கண்டபடி கனவு வரும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அந்த முதல் வாரத்தில் வீட்டில் யாரும் "இப்பவும் குடிச்சிட்டுத்தானே வந்தே" என்று கேட்டுவிடக் கூடாது. விட்டதனால் வரும் எரிச்சலை, குடித்ததனால் வந்தது என்று நினைத்து அடித்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். விட்ட அன்றும் அடி விழுந்தால் எதற்கு விடுவது என்று பையன் நினைப்பான்.

இதைவிடக் கவனமாக நீங்கள் பார்க்க வேண்டியது இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாதது. மாத்திரை. கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பையன்கள் கையில் டேபென்டடால் என்ற வலி மாத்திரை புழங்குகிறது. அறுவைச் சிகிச்சை வலி போன்ற கடுமையான வலிக்கு டாக்டர் சீட்டின்பேரில் தருவது, அபின் வகை வேலையைச் செய்வது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் மாவும் பிசினும் இருக்கும். அவை கரையாமல் ரத்தக் குழாயை அடைக்கும், கை வீங்கிச் சீழ் கட்டும். ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. எல்லாம் வழி தெரிந்து வரும். வேலூர் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறானா, முழங்கை மடிப்பில் கறுப்புக் கோடு இருக்கிறதா, நாளுக்கு இரண்டு தரம் மூக்கு ஒழுகிக் கொட்டாவி விட்டு உடம்பு வலி என்று சுருண்டு படுக்கிறானா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. மூச்சு மிகவும் மெதுவாகி, குறட்டை மாதிரி சத்தத்தோடு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சில மாதம் விட்டிருந்தவன் பழைய அளவையே மறுபடி ஏற்றிக்கொள்ளும்போதுதான் இப்படி அதிகம் நடக்கிறது, ஏனென்றால் உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். ஆறு மாதம் அடைத்து வைத்துவிட்டு, பின்னால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல் வெளியே விடுவது ஏன் ஆபத்து என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செருப்பு, ஷூ ஒட்டும் பசையும் பஞ்சர் சொல்யூஷனும் உங்கள் தெருவில் எந்தப் பிள்ளை கைக்கும் எட்டும். எய்ம்ஸ் மருத்துவமனை 2018-ல் நாடு முழுக்க எடுத்து 2019-ல் வெளியிட்ட கணக்கில், மற்ற போதையெல்லாம் பெரியவர்களிடம் அதிகம். முகர்ந்து ஏற்றிக்கொள்ளும் பொருள் மட்டும் பிள்ளைகளிடம் அதிகம். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். முதல் தடவை முகரும்போதே இதயத் துடிப்பு தடுமாறி உயிர் போய்விடக்கூடும். பட்டறையில் அந்த டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். எனக்கு எப்போதும் இதுதான் பெரிய பகுதி.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை: "நான் சுத்துன பீடியிலேயே என் புள்ள குடிச்சிருக்கான்" என்று இரவெல்லாம் அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு வீடுகளில் எத்தனை திண்ணையில் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். இரவே நனைத்து வைத்த இலை, தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டிய துண்டுகள், மடியில் முறம், தூளை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு ஒரு உருட்டு, நூலால் ஒரு சுற்று, நகத்தால் முனையை மடக்குவது. டிவி பார்த்துக்கொண்டே, பேசிக்கொண்டே கை ஓடும். ஆயிரம் சுற்றினால்தான் கூலி. இலை குறைந்தாலும் பீடி குறைந்தாலும் அது அவர் கணக்கில்தான் கழியும். அந்தக் காசில்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்: பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கஞ்சா குடிப்பதில்லை. பீடி இல்லையென்றால் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கித் தூளைத் தட்டியிருப்பான். குற்ற உணர்ச்சியில் அழும் அம்மாவிடம் ஒரு பையன் உண்மை பேசமாட்டான், "நான் சொன்னால் இன்னும் அழும்" என்று மறைப்பான். அவர் கொஞ்சம் தேறி, பழையபடி "சாப்பிட்டியா" என்று கேட்டாலே பாதிக் கதவு திறந்த மாதிரி.

அப்பாவிடம் பேசுவது கடினம், தெரியும். பெல்ட்டால் அடித்தவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்கத் தறியில் நின்றுவிட்டு வந்து, பையன் கெட்டுப்போய்விட்டான் என்று கேட்டவரின் பயம் அது. ஆனால் அடி வாங்கிய பையன் எங்கே போனான்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. அந்த இரண்டு ராத்திரி அவனைப் படுக்க வைத்தது யார்? அவனுக்குப் பொட்டலம் கொடுக்கும் அதே கூட்டம்தானே. ஒவ்வொரு அடியும் அவனை அங்கே தள்ளுகிறது. இதை அப்பாவிடம் நீங்கள் சொல்வதைவிட அவர் மதிக்கும் ஒருவர், தறிக்காரர் வீட்டுப் பெரியவரோ தாய்மாமனோ, சொன்னால் ஏறும்.

சனிக்கிழமைக் குவார்ட்டரையும் விட முடியாது. "நீ மட்டும் குடிக்கலாம், நான் கூடாதா" என்று தம்பி வாயால் கேட்கவில்லையென்றாலும் மனசால் கேட்டிருப்பான். அப்பா ஆறு மாதம் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்தால் அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. வாரம் ஒரு குவார்ட்டர்தான் என்றால் அவர் தாமாகவே நிறுத்திவிடலாம். அது தினசரியாகியிருந்து, காலையில் கை நடுங்குகிறது என்றால் மட்டும் வீறாப்பாக ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளில் நினைவு தடுமாறலாம். அதற்கு டாக்டர் மேற்பார்வை வேண்டும். பஸ்ஸிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" விளம்பரத்தின் பக்கம் போகவே வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டிப் போடும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கிறது. டாக்டர்கள் அதை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் தருவார்கள். தெரியாமல் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம்.

தம்பியிடம் யார் பேசுவது? நீங்கள்தான். அக்காவிடம் தம்பிகள் பேசுவார்கள். அவன் குடிக்காத நேரமாக, வீட்டில் மற்றவர் இல்லாத நேரமாகப் பாருங்கள். எதிரெதிரே உட்காராமல், வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடியோ மாடியில் துணி காயப்போடும்போதோ பேசுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் பையன்களுக்கு வார்த்தை வரும். "ஏன்டா இப்படிப் பண்ணே" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "முதல்ல எப்படா ஆரம்பிச்சது?" என்று கேளுங்கள். எப்போது, யாரோடு, எவ்வளவு, எந்த நேரத்தில் அதிகம் தேடுகிறது. பதிலைக் கேட்டு அதிர்ச்சி காட்டாதீர்கள். அவன் சொல்லும் காரணத்தை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். இயற்பியல் வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, தூக்கம் வரவில்லை, ஒரு பெண் பேசுவதை நிறுத்திவிட்டாள், எருது விடும் விழாவுக்குப் போனபோது கூட்டத்தில் நான் மட்டும் குடிக்காமல் நின்றேன். இப்படித்தான் சின்னதாக இருக்கும். அந்தச் சின்னதைப் பிடித்தால்தான் மேற்கொண்டு வழி தெரியும். தூக்கமின்மையும் மன அழுத்தமும் அடியில் இருந்து, அவற்றுக்கு மருந்து கொடுத்ததும் கஞ்சா தானாக விலகிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கி அவனுக்குத் தெரியாமல் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தினமும் குடிப்பவர் விட்டபிறகும் சில வாரங்கள் வரை கஞ்சா அதில் காட்டும். பழக்கத்தையே விட்டுவிட்டவனைத் திருடன் என்று காட்டிக்கொடுக்கும் கருவி உங்களுக்கு எதற்கு? தேவைப்பட்டால் டாக்டர் அவனிடம் சொல்லிவிட்டே எடுப்பார்.

போலீஸ் பயம் நியாயமானதுதான். அதனால்தான் பல குடும்பங்கள் மருத்துவமனைப் படியேறுவதில்லை. போதைப்பொருள் சட்டம் 1985-ல் வந்தது. அதில் ஒரு கிலோ வரை கஞ்சா சிறிய அளவு என்ற கணக்கு. அந்த அளவுக்கும் தண்டனை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதையை உபயோகித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. டாக்டரிடம் உண்மை சொல்வதால் எந்த வழக்கும் வராது. தம்பிக்கு இன்னும் 18 ஆகவில்லை. ஏதாவது நடந்தாலும் இளைஞர் நீதிச் சட்டப்படிதான் அவனை நடத்த வேண்டும். அந்தச் சட்டமே, பிள்ளைகளுக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. பிள்ளைகளை வைத்து விற்கச் செய்தாலும் அதே தண்டனை. இந்தக் கடைசி விஷயத்தைத் தம்பியிடம் மெல்லக் கேட்டுவிடுங்கள்: "யாருக்காவது கொண்டுபோய்க் கொடுத்தியா?" கையில் காசில்லாத பையன்களுக்குச் சரக்கை இலவசமாகக் கொடுத்து, பதிலுக்குப் பொட்டலம் கடத்தவைப்பதுதான் அந்தக் கூட்டத்தின் வழி. ஆம் என்றால் மருத்துவமனையோடு ஒரு வக்கீலையும் பாருங்கள்.

விற்கும் கடையைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலையும் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்க்கு எங்கேயும் விற்கக் கூடாது என்கிறது 2003-ல் வந்த புகையிலைச் சட்டம். நீங்களோ அப்பாவோ கடைக்காரரிடம் நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள். 10581 என்ற கட்டணமில்லாப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடமும் பெற்றோர் நாலு பேராகச் சேர்ந்து போய்ப் பேசுங்கள், ஆனால் தம்பி பெயரை இழுக்காமல். அவன் பள்ளியை விட்டு நின்றுவிடக் கூடாது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை அவனைப் பிடித்துவைத்திருக்கும் கடைசிக் கயிறு அதுதான். டி.சி. கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகள் பிரச்சினையைத் தெருவுக்கு மாற்றிவிடுகின்றன, அவ்வளவுதான். இதில் எனக்குக் கோபம் உண்டு.

கடைகளை மூடினால் எல்லாம் தீரும் என்பது சித்தப்பாவின் வாதம். பாதி சரி, கைக்கு எட்டாத பொருளைப் பிள்ளை தொடாது. மீதிப் பாதிக்கு நம் மாவட்டமே சாட்சி. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-லேயே நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்காகச் சாராயம் ஒழிந்துவிடவில்லை. அல்லேரி மலையிலும் சாத்கர் மலையிலும் போலீஸ் சாராய ஊறலைக் கொட்டி அழிக்கும் செய்தி இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். அடுக்கம்பாறையில், திருவண்ணாமலை சாலையில், அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் புறநோயாளியாகக் காட்டலாம், செலவில்லை. பாகாயம் சி.எம்.சி. மனநல மையம் இன்னொன்று. முதலில் பக்கத்திலேயே பேசிப் பார்க்க வேண்டுமென்றால், குடியாத்தம் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். கிளம்பும் முன் போனில் கேட்க வேண்டுமென்றால் 14446 போதை மீட்புக்கான தேசிய எண், 14416 மனநல ஆலோசனைக்கான எண். இரண்டுக்கும் கட்டணமில்லை, தமிழில் பேசலாம். சென்னைக்கே போனாலும் பரவாயில்லை என்றால், 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறையில் பழுத்த அனுபவம் உள்ள இடம். குடும்பத்தாருக்கும் அங்கே தனியாகப் பயிற்சி உண்டு.

ஒருமுறை போனதோடு முடியாது. முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போக வேண்டியிருக்கும். நடுவில் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டு வருவான். வரும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கேட்க வேண்டியது "என்னடா ஆச்சு இன்னைக்கு" என்பது மட்டும். ஏக்கம் வந்தால் பதினைந்து, இருபது நிமிடம் உச்சத்தில் நின்றுவிட்டு இறங்கும். அந்த நேரத்தைக் கடத்த அவனுக்கு ஒரு போன் நம்பர், ஒரு பந்து, ஒரு வாளி தண்ணீர், ஏதாவது ஒன்று வேண்டும். ஆபத்தான நாட்களையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: பொங்கலை ஒட்டி எருது விடும் நாட்கள், பரீட்சை முடியும் நாள், வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே திரளும் அந்த நாளில் எத்தனை பையன்கள் முதன்முதலாகக் குடித்தார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா! இந்த வருடம் அவனைத் திருவிழாவுக்குப் போகாதே என்று தடுக்க வேண்டாம். அப்பாவோடு போகட்டும், தேருக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கட்டும்.

வரும் திங்கட்கிழமை கிளம்ப முடியுமா பாருங்கள். காலை எட்டு மணிக்குள் குடியாத்தத்தில் பஸ் ஏறினால் வேலூர் வந்து அடுக்கம்பாறைக்கு மாறிச் சீட்டு வாங்கச் சரியாக இருக்கும். ஆதார், அவன் பள்ளி அடையாள அட்டை, முன்பு ஏதாவது மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்கும் சேர்த்து டாக்டரைப் பார்க்கணும், தூக்கமே இல்லைடா, துணைக்கு வா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் தூங்கவில்லை என்று எழுதியிருப்பதால் அது பொய்யும் இல்லை. உள்ளே போனதும் அவனோடு தனியாகப் பேச டாக்டரிடம் பத்து நிமிடம் கேளுங்கள், நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள். அவன் வரவே மாட்டேன் என்றால் நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கள். பையன் இல்லாமல் வந்த குடும்பங்களோடுதான் நான் பாதிப் பேருக்கு வேலையைத் தொடங்கியிருக்கிறேன், நாலைந்து வாரத்தில் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க அந்தப் பையன்களே வந்து நின்றிருக்கிறார்கள். போய்விட்டு வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள். அதற்கு அடுத்தது என்ன என்று பார்ப்போம்.